படத்தில் வரும் ஃபோபியா ஏன் கடைசியில் மெய்யான ஆபத்தாகவே முடிகிறது?

அரையிருள்:

திகில் படங்களும் த்ரில்லர்களும் ஃபோபியாவை எப்படிக் கையாளுகின்றன என்பதை நாம் பல இழைகளில் துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். அதை ஓரிடத்தில் தொடர்ச்சியாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன்.

அச்சம் வேறு, ஃபோபியா வேறு. புலி எதிரே நின்றால் நடுங்குவது அச்சம். அதற்கு மருத்துவம் தேவையில்லை, கால்கள்தான் தேவை. ஃபோபியா என்பது, எதிரே இருப்பது தன்னை ஒன்றும் செய்யாது என்று பெரும்பாலும் தெரிந்திருந்தும் உடல் அந்த அறிவுக்குக் கட்டுப்பட மறுக்கும் நிலை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடும் இதை ஒட்டிய வரையறையைத்தான் சொல்கிறது: அச்சம் உண்மையான ஆபத்தின் அளவை மீறியதாக இருக்க வேண்டும், பொதுவாக 6 மாதங்களாவது நீடிக்க வேண்டும், அஞ்சும் பொருளை அந்த மனிதர் விலக்கி விலக்கி வாழ வேண்டும் அல்லது பெரும் வேதனையோடு சகித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் படங்கள் என்ன செய்கின்றன? 1990-இல் வந்த ‘அரக்னோஃபோபியா’வை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஒரு மருத்துவர். குழந்தைப் பருவத்திலிருந்தே சிலந்தியைக் கண்டால் உறைந்துபோகிறவர். அவர் குடியேறும் சிற்றூருக்குக் கடித்தால் ஆளைக் கொல்லும் சிலந்திகள் வந்துசேர்கின்றன. அந்த நொடியிலிருந்து அவருடைய அச்சம் நோயாக இருப்பதை நிறுத்திவிட்டு முன்னறிவாக மாறிவிடுகிறது. அஞ்சாமல் இருந்தவர்கள் அல்லவா அங்கே செத்துப்போகிறார்கள்? படத் தலைப்பிலேயே ஃபோபியா இருக்கிறது. கதையிலோ அதற்கு இடமே இல்லாமல் போகிறது.

என் கேள்வி இதுதான். மெய்யான ஆபத்தைக் கொண்டுவராமல் ஃபோபியாவை மட்டும் காட்டிய திகில் படம் ஒன்றாவது உண்டா? அல்லது இந்த வகைப் படங்களுக்கு அது இயலவே இயலாதா?

முன்வரிசை:

நல்ல கேள்வி, ஆனால் விடை நீங்கள் நினைப்பதைவிட அருகிலேயே இருக்கிறது. 1958-இல் ஹிட்ச்காக் எடுத்த ‘வெர்டிகோ’வின் தொடக்கப் பகுதியை இன்னொரு முறை பாருங்கள்.

நாயகன் ஸ்காட்டி, உயரத்தைக் கண்டு அஞ்சுவதால் காவல் துறை வேலையை விட்டு விலகியவர். தோழி மிட்ஜின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சிறிது சிறிதாகப் பழகினால் இந்த அச்சத்தை வென்றுவிடலாம் என்று தன் கோட்பாட்டை விளக்குகிறார். விளக்கியதோடு நிற்காமல் ஒரு சிறு முக்காலியின் மேல் ஏறி நிற்கிறார். மேலே பார்க்கிறார், கீழே பார்க்கிறார், ஒன்றும் ஆகவில்லை. மிட்ஜ் சமையலறையிலிருந்து சில படிகள் கொண்ட சிற்றேணியைக் கொண்டுவருகிறாள். முதற்படி, அடுத்த படி, மறுபடியும் மேலே, கீழே. அவருக்கே சிரிப்பு வருகிறது. மேற்படியில் நின்று திரும்புகையில், சன்னலுக்கு வெளியே பல மாடிகளுக்குக் கீழே கிடக்கும் தெரு கண்ணில் படுகிறது. அப்படியே துவண்டு அவள் தோளில் சரிகிறார்.

அந்த அறையில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. சன்னல் சுவரோடு இருக்கிறது, ஏணியோ இடுப்பளவுகூட இல்லை. நீங்கள் கேட்ட ‘மெய்யான ஆபத்தில்லாத ஃபோபியா’ ஏறக்குறைய 2 நிமிடங்களில், ஒரு வரவேற்பறைக்குள், முழுதாகக் காட்டப்பட்டிருக்கிறது.

அடுத்ததாகக் கேமரா. மணிக்கூண்டின் படிக்கட்டில் அவர் கீழே பார்க்கும்போது கேமரா பின்னோக்கி நகர, லென்ஸ் அதே நேரத்தில் ஸூம் செய்து காட்சியை நெருக்கிக் காட்டுகிறது. அதனால் சட்டகத்தின் ஓரங்கள் அசையாமல் இருக்க, நடுவிலுள்ள ஆழம் மட்டும் இழுபட்டு நீள்கிறது. அந்த ஷாட்டை உருவாக்கியவர் இரண்டாம் படக்குழுவின் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸ். உண்மையான படிக்கட்டில் அதை எடுக்கப் பெருஞ்செலவாகும் என்பதால், ஒரு சிறிய மாதிரியைச் செய்து, அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து எடுத்தார்கள். நாம் தலைசுற்றிப் பார்க்கும் அந்தப் பாதாளம் தரையில் கிடந்த ஒரு பொம்மைப் படிக்கட்டு! ஃபோபியாவுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. ஆழம் இல்லை, ஆனால் ஆழத்தின் அச்சம் இருக்கிறது.

மணற்கடிகை:

உளவியல் ஆலோசனைப் பணியில் இருப்பவள் என்பதால், முன்வரிசை அவர்கள் எடுத்துக்காட்டிய ஏணிக் காட்சியைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

ஸ்காட்டி சொல்லும் கோட்பாடு கேலிக்குரியது அல்ல. அதே 1958-ஆம் ஆண்டில்தான் ஜோசப் வோல்ப் தம் சிகிச்சை முறையை நூலாக வெளியிட்டார். அஞ்சும் பொருளை எளிதிலிருந்து கடினம் வரை படிகளாக வரிசைப்படுத்தி, உடலைத் தளர்வாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எதிர்கொள்ளச் செய்வது அந்த முறை. தளர்வுப் பயிற்சி கட்டாயம் வேண்டுமா என்பதில் பின்னாளில் கருத்து மாறியது. ஆனால் படிப்படியாக எதிர்கொள்ளுதல் என்பது இன்றும் ஃபோபியா சிகிச்சையின் முதுகெலும்பு. ஸ்காட்டி செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். முதற்படிக்கும் மேற்படிக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அச்சம் மேலேறி, உச்சம் தொட்டு, எதிர்பார்த்த விபரீதம் எதுவும் நிகழவில்லை என்று உடல் கற்றுக்கொள்ளும் வரை அந்தப் படியிலேயே நிற்க வேண்டும். அவர் தோழியின் முன் வீரம் காட்டினார்.

ஆனால் படம் அந்தக் கோட்பாட்டை அங்கேயே கைவிட்டுவிடுகிறது. தன் மருத்துவரைக் கேட்டதாகவும், இன்னொரு பேரதிர்ச்சி நேர்ந்தால்தான் இது தீரக்கூடும், அப்போதும் உறுதியில்லை என்று அவர் சொன்னதாகவும் மிட்ஜ் கூறுகிறாள். ‘அதிர்ச்சியில் வந்தது அதிர்ச்சியில்தான் போகும்’ என்ற இந்த எண்ணத்தைத் திகில் படங்கள் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாம்புக்கு அஞ்சுகிறவளைப் பாம்புக் குழியில் தள்ளுவார்கள், அவள் அலறி, அழுது, பிறகு எழுந்து நின்று பாம்பை வெட்டுவாள், அதோடு குணமாகிவிடுவாள். என் அனுபவத்தில், குழியில் தள்ளப்பட்டவர்கள் அடுத்த நாள் குழி இருக்கும் தெருவுக்கே போவதில்லை. நண்பர்கள் விளையாட்டாகத் தண்ணீரில் தள்ளிவிட்டதற்குப் பின் குளிக்கும் தொட்டியைக்கூட நெருங்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபோபியாவை வாழவைப்பது விலகல். ஒவ்வொரு முறை விலகும்போதும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த விலகலுக்குக் கூலி. திரையில் இதைக் காட்டுவது கடினம், ஏனென்றால் விலகல் என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பது. ஒன்றும் நடக்காததை எப்படிப் படமாக்குவது?

எட்டுக்கால்:

புனைபெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். சிலந்தி என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆகாது. பெயரையாவது எதிர்கொள்வோமே என்றுதான் இதை வைத்துக்கொண்டேன்.

அரையிருள் அவர்களின் வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். ‘அரக்னோஃபோபியா’ கதையாக ஃபோபியாவைக் கைவிடுகிறது என்பது சரி. ஆனால் அதன் காட்சிகள் கைவிடவில்லை. ஒரு முதிய மருத்துவர் வீட்டில் செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறார். சிலந்தி அதற்குள் போவது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எத்தனை ஆண்டுகள் செருப்பை உதறிப் பார்த்துவிட்டு அணிந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இன்றும் உதறுகிறேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பெரிய சிலந்தி பயமுறுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடம் உயரச் சிலந்தி வந்தால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. அது வேறொரு விலங்கு, அவ்வளவுதான். சுவரில் சிலந்தி இருக்கும் காட்சியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிடுவேன். கேமரா ஒரு நொடி வேறு பக்கம் திரும்பி, மறுபடியும் அந்தச் சுவருக்கு வரும்போது சுவர் வெறுமையாக இருக்குமே, அதுதான் தாங்க முடியாது. இருப்பதைவிட, இருந்து காணாமற்போனது கொடியது. சிலந்திக்கு அஞ்சுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதையே சொல்வார்கள். ‘அரக்னோஃபோபியா’வை எடுத்தவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு செய்தி. அந்தப் படத்தில் நடித்தவை நியூசிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஏவண்டேல் சிலந்திகள். கையகலம் இருக்கும், ஆனால் மனிதருக்குத் தீங்கற்றவை. முன்வரிசை சொன்ன படுத்துக் கிடக்கும் படிக்கட்டு போலத்தான். திரைக்குப் பின்னால் ஆபத்து இல்லை, திரையில் இருக்கிறது, பார்க்கும் எனக்கு வியர்க்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு படம் எளிதாகும் என்று எண்ணினேன். கொஞ்சமும் ஆகவில்லை.

இப்போதெல்லாம் விளையாட்டுகளில் இதற்கென ஒரு வசதி வைக்கிறார்கள். 2020-இல் வெளியான ‘கிரவுண்டட்’ விளையாட்டில் சிலந்தியின் கால்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அதை ஒரு மிதக்கும் உருண்டையாக மாற்றிவிடலாம். எத்தனை காலோடு நிறுத்தினால் எனக்குச் சரிப்படும் என்று ஒரு மாலை முழுதும் சோதித்துப் பார்த்தேன். நான்கு என்றால் பரவாயில்லை. ஆறில் கை நடுங்கியது.

மணற்கடிகை:

எட்டுக்கால் அவர்களே, உங்களை அறியாமலே அந்த மாலையில் வோல்ப் சொன்ன படிவரிசை ஒன்றை உருவாக்கியிருக்கிறீர்கள். நான்கில் ஒரு வாரம் விளையாடிவிட்டு ஆறுக்குப் போங்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் இது இழை, சிகிச்சை அறை அல்ல.

ஒரு துணைச் செய்தி. திரையில் கண்டு அச்சம் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்கு 1980-களின் இறுதியில் மைக்கேல் குக்கும் சூசன் மினேக்காவும் நடத்திய சோதனைகள் ஒரு விடை தருகின்றன. ஆய்வகத்திலேயே வளர்ந்த, பாம்பையே அறியாத ரீசஸ் குரங்குகளுக்கு, வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறும் வீடியோவைக் காட்டினார்கள். பார்த்தவை பாம்புக்கு அஞ்சக் கற்றன. பிறகு அதே அலறலை வெட்டி ஒட்டி, அந்தக் குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோல் தொகுத்துக் காட்டினார்கள். பூவுக்கு அவை அஞ்சவில்லை. படத்தொகுப்பால் அச்சத்தைக் கற்றுக்கொடுக்க முடிந்தது, ஆனால் எதற்கு வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. பூவை வைத்துத் திகில் படம் எடுக்க நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

நிலவறை:

மூடிய இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். அது என் துறை. அதாவது என் நோய்.

2010-இல் வந்த ‘பரிட்’ படத்தில் ஒருவன் மண்ணுக்கடியில் ஒரு மரப்பெட்டிக்குள் கண்விழிக்கிறான். படத்தின் 95 நிமிடங்களும் அந்தப் பெட்டிக்குள்ளேயே நடக்கின்றன. கேட்டாலே மூச்சு முட்டும் கதை. உண்மையில் 20 நிமிடங்களில் எனக்குப் பழகிவிட்டது. அவன் பெட்டிக்குள் இருக்கிறான், அதற்கு மேல் சுருங்க வழியில்லை. அது மட்டுமல்ல, அவனிடம் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதன் வழியாகக் கதை வெளியே போய்ப் போய் வருகிறது. என் மனமும் அதோடு வெளியே போய்விடுகிறது.

2005-இல் வந்த ‘தி டிசென்ட்’ அப்படியல்ல. ஆறு பெண்கள் ஒரு குகைக்குள் இறங்குகிறார்கள். அதில் ஒரு பெண், உடலை ஒட்டி இழைத்தது போன்ற ஒரு சுரங்க இடுக்கில் ஊர்ந்து வரும்போது நடுவில் சிக்கிக்கொள்கிறாள். பின்னாலும் போக முடியாது, முன்னாலும் போக முடியாது. மூச்சு வேகமாகிறது, வேகமானால் மார்பு விரிகிறது, மார்பு விரிந்தால் பாறை இன்னும் இறுக்குகிறது. தோழி திரும்பி வந்து, எங்கே நகைச்சுவை சொல்கிறாள் என்று கவனியுங்கள்: அந்தப் பாறை இடுக்கில், முகத்துக்கு முகம் வைத்துக்கொண்டு. படத்தில் பின்னால் மனிதரைத் தின்னும் உயிரினங்கள் எல்லாம் வருகின்றன. அவை வந்தபோது எனக்கு ஏற்பட்டது அச்சம் அல்ல, பெரும் நிம்மதி. அப்பாடா, இனி இது வெறும் பேய்ப்படம் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

அரையிருள் அவர்களின் கேள்விக்கு என் விடை அந்த நிம்மதிதான். பூதம் வருவது ஃபோபியா உள்ளவனுக்குப் படம் தரும் விடுதலை.

எனக்கு எடுத்த எம்ஆர்ஐ பரிசோதனை ஒன்றில் அந்த விடுதலை கிடைக்கவில்லை. குழாய்க்குள் தலை போனதும், அந்தத் தோழியின் குரலை மனத்தில் கொண்டுவர முயன்றேன். வரவில்லை, பாறைதான் வந்தது. அவசரப் பொத்தானை அழுத்தினேன். வெளியே இழுத்தவர், “இவ்வளவு பெரிய ஆளாக இருந்துகொண்டு?” என்றார். அவரைப் பற்றி எழுதினால் இழை திசைமாறிவிடும்.

ஒலிவாங்கி:

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். நிலவறை சொன்ன அந்தக் குகைக் காட்சியில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டுப் பாருங்கள். எதிரொலி மறைந்துவிட்டிருக்கும். அகன்ற குகையில் பேச்சுக்கு வால் உண்டு. இடுக்குக்குள் அந்த வால் வெட்டப்பட்டு, மூச்சு காதருகே வந்துவிடுகிறது. இடம் சுருங்கிவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்பே காது சொல்லிவிடும். அந்தக் குகை மெய்யான குகை அல்ல, படப்பிடிப்பு அரங்கில் கட்டியது. எனவே அந்த நெருக்கத்தின் பெரும் பங்கு ஒலிக்கூடத்தில் செய்யப்பட்ட வேலை என்பதே என் கணிப்பு. இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

முன்வரிசை:

இரத்தம்? அதை ஏன் விட்டுவிட்டோம்? இரத்தத்தைக் காட்டாத திகில் படம் குறைவு.

மணற்கடிகை:

இரத்தமும் ஊசியும் காயமும் மற்ற ஃபோபியாக்களிலிருந்து உடலளவிலேயே வேறுபட்டவை. உயரமோ சிலந்தியோ என்றால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. அப்படி ஏறிய நிலையில் மயக்கம் வருவது அரிது. இரத்த ஃபோபியா உள்ள பலருக்கு முதலில் சற்று ஏறி, பிறகு இரண்டுமே சட்டென விழுந்து, மயக்கமே வந்துவிடுகிறது. அதனால் அவர்களிடம் உடலைத் தளர்த்துங்கள் என்று சொல்லக் கூடாது. கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சியை ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-ஜோரன் ஆஸ்ட் 1980-களில் வகுத்தார்.

2010-இல் ‘127 ஹவர்ஸ்’ திரையிடல்களில் பார்வையாளர்கள் சிலர் மயங்கிவிழுந்ததாகச் செய்திகள் வந்தன. பாறைப் பள்ளத்தாக்கின் இடுக்கில் சிக்கிய ஒருவர் தம் கையைத் தாமே வெட்டிக்கொண்ட உண்மை நிகழ்வுதான் அந்தப் படத்தின் கதை. படத்தை விளம்பரப்படுத்த அந்த மயக்கத்தைப் ‘பயங்கரத்தின் உச்சம்’ என்பார்கள். மயங்கியவர்கள் கோழைகள் அல்லர். அவர்களுடைய இரத்த அழுத்தம் விழுந்தது, அவ்வளவே. திகில் படங்கள் இரத்தத்தை ஆறாகப் பாய்ச்சுகின்றனவே தவிர, இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒரு மனிதரைக் கதையின் நடுவில் வைத்து எடுத்த படம் என் நினைவுக்கு வரவில்லை. கதை தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் நாயகன் தரையில் கிடந்தால் தயாரிப்பாளர் என்ன செய்வார்?

அரையிருள்:

தொடங்கியவன் திரும்பி வந்துவிட்டேன். ஏணிக் காட்சியை நேற்றிரவு இன்னொரு முறை பார்த்தேன். முன்வரிசை சொன்னது சரிதான், என் பொதுவிதி அங்கே உடைகிறது. ஆனால் முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும்.) ஸ்காட்டியால் மணிக்கூண்டின் உச்சிவரை ஏற முடியாது என்பதை அறிந்தே கொலைகாரன் அவரைச் சாட்சியாகத் தேர்ந்தெடுக்கிறான். அவருடைய நோய் ஒரு கொலைக்குக் கருவியாகிவிடுகிறது. கடைசியில் அவர் உச்சிக்கு ஏறியும் விடுகிறார், மிட்ஜின் மருத்துவர் சொன்ன அதே அதிர்ச்சி வைத்தியத்தால்.

நம் தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அதாவது அரசன்). பேய்ப்படம், விலங்குப் படம், கொலைகாரன் படம், அதிகாரத்தின் அச்சத்தைச் சொல்லும் படம் என்று இன்றைய திகில் வகைகள் ஏறக்குறைய அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. உயரமும் மூடிய அறையும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த நான்கும் நம்மை வந்து தாக்கக்கூடியவை. உயரம் யாரையும் வந்து தாக்குவதில்லை. கதைக்கு எதிரி வேண்டும், ஃபோபியாவுக்கு எதிரி இல்லை என்பதுதான் இங்கே சிக்கல் என்று இப்போது தோன்றுகிறது.

தமிழில் ஃபோபியா என்றதும் நினைவுக்கு வரும் ‘தெனாலி’ (2000) ஒரு நகைச்சுவைப் படம் என்பதும் இதோடு பொருந்துகிறது. நகைச்சுவைக்கு மெய்யான ஆபத்து தேவையில்லை. ஆபத்து இல்லாததால்தான் சிரிக்கிறோம். அதனால் நோயின் இலக்கணத்துக்குத் திகில் படத்தைவிட நகைச்சுவை அருகில் நிற்கிறது. நோயாளியைக் கேலிக்கு ஆளாக்கும் தீங்கும் அதில் உண்டு, மறுக்கவில்லை.

மணற்கடிகை அவர்கள் கேட்டாரே, விலகலை எப்படிப் படமாக்குவது என்று. ‘ஜாஸ்’ (1975) அதை ஒரே வசனத்தில் செய்திருக்கிறது. தீவின் காவல் தலைவர் தண்ணீருக்கு அஞ்சுகிறவர். கரைக்குப் போகும் படகில் ஏறினாலும், கடலைப் பார்க்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார் என்று மனைவி விருந்தினரிடம் சொல்கிறார். கப்பல் தளத்தில் நிறுத்திய காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடல் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர்! அந்தக் காட்சி படத்தில் எடுக்கப்படவே இல்லை, சொல்லத்தான் படுகிறது. எனக்கோ அது சுறாவைவிடத் தெளிவாகத் தெரிகிறது. இந்த அச்சத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டே என்று மனைவி யோசிக்கிறார். “மூழ்கிச் சாவது” என்கிறார் கணவர்.

என் புகார் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. மனைவி நோயின் பெயரைக் கேட்கிறார், கணவர் ஆபத்தின் பெயரைச் சொல்கிறார். அதற்குப் பிறகு படம் கணவரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நிலவறை:

கணவர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன், அரையிருள் அவர்களே. லிஃப்டுக்குள் என்னிடம் வந்து உங்கள் நோயின் பெயர் என்ன என்று கேட்டால், மூச்சு நின்றுவிடும் என்றுதான் பதில் வரும். உள்ளே இருக்கும்போது அது நோய் அல்ல. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் நோய். நீங்கள் ஆபத்து மெய்யாகிவிடுகிறது என்று குறைசொல்லும் படங்கள், உள்ளே இருப்பவனின் கணக்கில் பொய் சொல்லவில்லை.

மணற்கடிகை:

இதை நான் ஏற்கிறேன். டிஎஸ்எம்-5 தன் வரையறையில் செய்த மாற்றமும் இதை ஒட்டியதே. முந்தைய பதிப்பில், தன் அச்சம் மிகையானது என்பதை நோயாளியே உணர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வயது வந்தவர்களுக்கு இருந்தது. 2013-இல் அதை எடுத்துவிட்டு, மிகையா இல்லையா என்று கணிக்கும் பொறுப்பை மருத்துவரிடம் கொடுத்தார்கள்.

எட்டுக்கால்:

ஒரு சிறு செய்தி மட்டும். விளையாட்டில் ஆறு கால்களுக்குப் போய்விட்டேன், ஒன்பது நாட்கள் ஆகின்றன. நேற்று துணிந்து ‘அரக்னோஃபோபியா’வின் செருப்புக் காட்சியைப் போட்டேன். சிலந்தி உள்ளே போகும் வரை பார்த்தேன். முதியவர் காலைக் கீழே இறக்கும்போது நிறுத்தினேன். படம் அப்படியே திரையில் நின்றது: கால் காற்றில், செருப்பு தரையில். நானும் எழுந்து போகாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க எழுந்தபோது, என் செருப்பை உதறித்தான் அணிந்தேன்.